அமாவாசை அன்று வைத்த புத்தகங்கள்

ஆரணியில் அமாவாசை அன்று தறி ஓடாது. ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, பட்டுக்காரர்களுக்கு அமாவாசை அப்படி. மற்ற நாட்களில் நான் மொபெட்டின் பின்னால் பாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறவன். சேலையின் நீளவாக்கில் ஓடுகிற நூலைத்தான் பாவு என்போம். அதைக் கடை முதலாளியிடம் வாங்கிப் போய் நெசவாளர் வீட்டில் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த சேலையை வாங்கி வருவது என் வேலை. முப்பது வருடமாக இதே வேலை என்பதால், போகிற ஊர்களில் என் பெயர் யாருக்கும் தெரியாது. பாவுக்காரர் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஜனங்கள் பேசுவதைக் கேட்பதுதான். எட்டாவதோடு நின்றவன் நான். அதற்குமேல் படித்ததில் பாதி, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய பஸ் நிழற்குடைகளில் காது வழியாகப் படித்தது. வயலுக்கு நடுவே, கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு நிழற்குடை நிற்கும். உள்ளே பார்த்தால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெரணமல்லூர் சாலையில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "இந்த பஸ்ஸு வரும் வரும்னு ஒக்காந்துகினு இருந்ததுல எனக்கு ரெண்டு பேரப்புள்ள பொறந்துட்டாங்க." இந்த மாதிரி ஒன்று காதில் விழுந்தால் அதைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என் தங்கையிடம் சொல்வேன். மீதிப் பாதியைப் படிக்க வைத்தவள் அவள்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மிஷின் ஒரு காகிதத்தை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிற நேரத்தில் இரண்டு வரி படித்துவிடுவாள். "மனு நகல் கேட்டா இந்தப் பொண்ணு மடியில இருக்கற கதையத்தான் நகல் எடுத்துக் குடுக்கும்போல" என்று ஒரு கிராம உதவியாளர் கேலி செய்வார். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இரண்டு இடமும் தள்ளிப் போயின. பிறகு சிறுநீரகம் கெட்டது. அதன் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு டயாலிசிஸ். நான்தான் துணைக்குப் போவேன்.

ஒருநாள் திரும்பி வரும்போது கண்ணமங்கலம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி ஒரு நிழற்குடையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். வேறு பஸ் வந்ததும் ஏறினோம். அவள் கை காலியாக இருந்தது.

"புக்க வுட்டுட்ட பாரு" என்று இறங்கப் போனேன்.

"வுடலண்ணா. வச்சிட்டு வந்தேன்."

"வச்சியா? எவனாவது எடுத்து பஜ்ஜி மடிப்பான்."

"மடிக்கட்டும். பஜ்ஜி துன்றவன் ஒரு பக்கமாவது படிப்பான் இல்ல? இங்க ஒக்காந்துகினு இருக்கறது எவ்ளோ பேஜாரு. நாளைக்கு யாரு வந்து மாட்டுவாங்களோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்று வைத்தாள். எட்டு மாதம் வைத்திருப்பாள். கொரோனா அடங்கிய மறு வருடம், வேலூருக்குப் போக வேண்டிய ஒரு புதன்கிழமை, போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. "பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டா ஒரு பிளாஸ்டிக் கொடமாவது வரும்" என்பாள் என் மனைவி. சொல்வாளே தவிர, அந்தப் பெட்டிகள்மேல் தூசி தங்க விடமாட்டாள். ஒரு அமாவாசை அன்று வீட்டில் உட்கார முடியாமல், பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். அப்படித்தான் தொடங்கியது. எனக்கு லீவு அமாவாசை மட்டும்தான். ஆகவே அமாவாசைக்கு அமாவாசை, ஒரு நாளில் மூன்று நான்கு நிழற்குடை.

முதல் புத்தகத்தை ஆடு தின்றது, அட்டையோடு. நான் வண்டியைத் திருப்புவதற்குள் முன்னுரை முடிந்துவிட்டது. இரண்டாவதைக் காற்று பக்கம் பக்கமாகப் பிரித்து வயலில் நட்டுவிட்டது. ஆகவே பாலிதீன் பையில் போட்டு, நூலால் சுற்றி, பெஞ்சுக் காலில் கட்டத் தொடங்கினேன். பாவு முடிகிறபோது தறியில் முழ நீளத்துக்குப் பட்டு நூல் மிஞ்சும். அரக்கும் மஞ்சளுமாக நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கினால் கம்பி மாதிரி நிற்கும். எங்கள் வீடுகளில் எதைக் கட்டுவதற்கும் அதுதான். பால் பாக்கெட்டின் வாயையும் அதில்தான் கட்டுவோம், அறுந்த செருப்பையும் அதில்தான் கட்டுவோம். அந்த வருட சரஸ்வதி பூஜைக்கு, பாவு மூட்டைக்கும் வண்டிக்கும் வைத்த கையோடு, மிச்சம் இருந்த புத்தகம் அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். அவள் இருந்தபோது அவள் செய்கிற வேலை அது.

இது பார்க்க எதைப் போல இருக்கும் என்று படிக்கிறவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நூலிலேயே பிறந்து நூலிலேயே வளர்ந்தவனுக்கு நூல் நூலாகத்தான் தெரிந்தது.

பெரணமல்லூர் பக்கம் மூன்று சாலை பிரிகிற இடத்தில் ஒரு நிழற்குடை. ஒரு பக்கத்துச் சுவர் கிடையாது, ஓட்டுக் கேட்ட வாசகம் பாதி அழிந்து கிடக்கும். அங்கே வைத்த புத்தகம் ஒன்றுகூட மறு அமாவாசைக்கு இருக்காது. மற்ற இடங்களில் மழையில் ஊறிக் கிடக்கும், யாராவது தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். இங்கே சுத்தமாகக் காலி. 'படிக்கிற ஊரு' என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பெட்டியில் இருந்ததில் நல்லதாகப் பார்த்து அந்த இடத்துக்கென்று ஒதுக்கினேன்.

போன கார்த்திகையில், அந்த முச்சந்தியிலிருந்து உள்ளே போகிற கிராமத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பாவு கொண்டுபோனேன். பத்து வருடமாகப் போகிற வீடு. மகன் தறியில் உட்காருவான். மருமகள் பக்கத்தில் இருந்து சரிகை எடுத்துக் கொடுப்பாள். மகனுடைய அம்மா என் வயதுக்காரர், எனக்கு அக்கா முறை மாதிரி. அன்றைக்குத் தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றிருந்தது. மகன் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா தம்பி ஆச்சி?"

"நாய் குறுக்க வந்துச்சிண்ணா. வண்டியோட வுழுந்துட்டேன். ரெண்டு மாசம் தறியில ஒக்கார முடியாதாம்."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது: "நாயி எங்கடா வந்துச்சி? நாயி மாதிரி ஒண்ணு வந்துச்சின்னு சொல்லு."

"அம்மாவுக்கு நாய் கண்ணுக்குத் தெரியலண்ணா" என்றான் அவன், மெதுவாக.

அந்த அக்கா வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தார். "என் மருமவ முச்சந்தியில கெடந்த கழிப்ப எடுத்து வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டா பாவுக்காரரே. புக்கு மாதிரி வச்சிருக்கானுங்க, படுபாவிங்க. செவப்பும் மஞ்சளுமா நூலு. மஞ்சா, குங்குமம். அதுவும் அமாவாசை அன்னிக்கி. இவளுக்குப் படிக்கற ஆச. நூல அறுத்து, துணி மடிப்புல ஒளிச்சி வச்சிகினு படிச்சிருக்கா. பதினஞ்சாம் நாளு இவன் கை போச்சி."

ஒரு வீட்டில் பிடித்த நோயையும் பீடையையும் சுற்றி எடுத்து, அமாவாசையில் முச்சந்தியில் கொண்டுபோய் விடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் கழிப்பு என்பார்கள். எடுக்கிறவர் தலையில் அது ஏறும் என்பார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "எங்கக்கா அது?" என்று கேட்டேன்.

பின்பக்கம் கூட்டிப்போனார். துவைக்கிற கல்லுக்கு அப்பால், பழைய முறம் ஒன்றில் வேப்பிலை போட்டு மூடி வைத்திருந்தது. "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு குச்சியால் இலையைத் தள்ளினார். முதலில் எனக்குத் தெரிந்தது புத்தகம் இல்லை. நூல்தான். நான் முறுக்கிய முறுக்கு, நான் போட்ட முடிச்சு.

"இதுக்கு முன்னால நாலஞ்சி வாட்டி வச்சிருக்கானுங்க" என்றார் அவர். "எங்க ஊரு ஆம்பளைங்க குச்சியால தள்ளிகினு போயி, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டாங்க. எவன் வூட்டுப் பீடையோ."

என் தங்கை தன் கையால் அட்டை போட்டவை அந்தப் புத்தகங்கள். நல்லதாகப் பார்த்து ஒதுக்கியவை.

"மருமவ எங்கக்கா?"

"போளூராண்ட, அவங்க அம்மா வூட்ல. நான்தான் கொண்டுபோயி வுட்டேன். வர்ற அமாவாசைக்கு பூசாரி வர்றாரு. அவரு பாத்து சொல்லட்டும், இவ திரும்பி இந்தப் படி ஏறலாமா கூடாதான்னு."

"கூடாதுன்னு சொல்லிட்டாருன்னா?" என்று மகன் கேட்டான். எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"கூடாதுன்னா கூடாதுதான். எனக்கு நீ ஒருத்தன்தான்டா."

மகன் என்னைப் பார்த்தான். அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அந்தப் பெண் பாவு மூட்டையைக் கண்டால், "வந்துடுச்சி என் மாமியாரு" என்பாள். அத்தனை அதிகாரம் செய்யுமாம் அது. சொந்த மாமியாரே அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் அவள் போளூரிலேயே இருக்க வேண்டியதுதான்.

"அக்கா, அது கழிப்பு இல்ல. அத வச்சது நான்" என்றேன்.

அவர் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது. "நீங்களா? எங்க வூடு உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சி?"

ஒன்றொன்றாகச் சொன்னேன். எனக்கு லீவு அமாவாசைதான் என்றேன். ஆடு தின்றதைச் சொன்னேன், நூல் மீந்த பாவு நூல் என்றேன், மஞ்சள் குங்குமம் சரஸ்வதி பூஜைக்கு வைத்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படித் தெரிந்திருக்கும் என்று விளங்கிக்கொண்டே வந்தது. மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அம்மா சிரிக்கவில்லை.

"புக்கு யாருது?" என்றார்.

கல்யாணமாகாமல் நோயில் போன ஒரு பெண்ணுடையது என்பதுதான் பதில். கன்னியாகப் போனவள் பொருளை எங்கள் பக்கத்தில் வெளியே கொடுக்க மாட்டார்கள். வீட்டோடு வைத்துக் கும்பிடுவார்கள். அவர் பயந்ததைவிட இது பெரிது. நான் இதையெல்லாம் நம்புகிறவனா என்று கேட்டால், பகலில் இல்லை என்பேன். ஆனால் அந்த முறத்தின் முன்னால் நின்றபோது, அந்தக் கைக்கு நான்தான் காரணமோ என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் மருமகள் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"என் தங்கச்சிதுக்கா."

"எங்க கீறா?"

"வேலூர்ல."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"ஆச்சிக்கா."

"மாப்ள இன்னா பண்றாரு?"

"ஜெராக்ஸ் கட." வாய்க்கு அதுதான் வந்தது.

"புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் இல்லாத இரண்டு பெண் குழந்தைகள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகச் சுற்றி ஆயிரம் பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பொய் சொன்னவர்கள் எல்லாம் எப்படி விழித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்குப் படிப்பு இல்ல பாவுக்காரரே. பத்து வருசமா உங்க மூஞ்சிய பாத்துகினு கீறேன், நீங்க கெட்டவரு இல்ல. ஆனா என் புள்ள கையி" என்று நிறுத்தினார். உள்ளே போய் ஒரு தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு வந்தார். "உங்க தங்கச்சி நல்லா கீறா, இது நல்லா வாழறவ பொருளுதான்னு சொல்லி அணைங்க. நான் இன்னிக்கே பஸ் ஏறி அவள கூட்டியாந்துடறேன்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. செய்தவன் பொய் சொல்லியிருந்தால் அவன் குடும்பத்துக்கு ஆகாது. மகன், "வாணாம்மா, அண்ணன போயி" என்றான். அவர் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

தங்கை கடைசியாகப் படுத்திருந்த கட்டிலுக்கு முன்னால் நின்றபோதுகூட நான் அவள் காதில், "நல்லாயிடுவம்மா" என்று பொய்தான் சொன்னேன். அது நினைவுக்கு வந்தது. "என் தங்கச்சி நல்லா கீறா" என்று சொன்னேன். கையை வைத்தேன். சூடு ஒரு நொடிதான். கரிதான் ரேகைக்குள் இறங்கி, இரண்டு நாள் சோப்புக்குப் போகவில்லை.

அன்றைக்கே அந்த அக்கா பஸ் ஏறியிருக்கிறார். மருமகளின் அப்பா முறைத்துக்கொண்டு நின்றாராம். "என் பொண்ணு இன்னா பந்தா, நீ ஒதைக்கவும் தூக்கவும்?" என்று கேட்டாராம். "ஒதச்சது நானு, தூக்க வந்ததும் நானுதான். அனுப்பு சம்பந்தி" என்று இந்த அக்கா சொன்னாராம். மகன் எனக்குப் போனில் சொன்னது இது. இவ்வளவு நல்ல பேச்சு கிடைத்தும், அன்று அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தோன்றியது.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பாவு கொண்டுபோகவில்லை, கை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகம் இளைத்திருந்தது. அந்தப் புத்தகம் முறத்தைவிட்டு வந்து, அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தது.

"முடிச்சிட்டேண்ணா" என்றாள். "உங்க தங்கச்சி ஓரத்துல எல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. அந்த வாத்தியாரு வர்ற எடத்துல எல்லாம் 'இவன நம்பாத, இவன நம்பாத'ன்னு. கடைசில பாத்தா அவரு நல்லவரு. அங்க 'மன்னிச்சிக்கோ சார்'னு எழுதியிருக்காங்க." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். "அவங்களோட சேந்து படிச்ச மாதிரி இருந்துச்சி. ஒரு வாட்டி கூட்டிகினு வாங்கண்ணா."

"வருவாம்மா. பசங்களுக்குப் பள்ளிக்கூடம்" என்றேன்.

"லீவுல" என்றாள்.

கிளம்பும்போது அந்த அக்கா ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பச்சை ரவிக்கைத் துணி. "வாழற பொண்ணு பொருள முறத்துல வச்சி வேப்பெல போட்டுட்டேன். மனசு கேக்கல. தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க. நான் தப்பா நெனச்சிட்டேன்னு சொல்லுங்க." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேறு எப்படி வாங்குவது?

முச்சந்தி நிழற்குடையில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன். சாயங்கால பஸ்ஸுக்கு யாரும் வந்திருக்கவில்லை. பையை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. அதை விட்டால் அது கழிப்பேதான். வீட்டுக்குக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்வது என்று கிளம்பினேன்.

மனைவி அடுப்பில் இருந்தாள். பையைத் திண்டில் வைத்துவிட்டு, முறத்தில் இருந்து கற்பூரம் வரைக்கும் சொன்னேன். பொய்ச் சத்தியம் என்றதும் திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரவிக்கைத் துணியை எடுத்தாள். முழங்கையில் வைத்து அளந்தாள்.

"அவளுக்கு இது பத்தும்" என்றாள்.

துணியையும் மஞ்சள் குங்குமத்தையும் கொண்டுபோய்த் தங்கையின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, திரும்பி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தினி பசங்கன்னு சொன்னீங்க?"

"ரெண்டு பொண்ணு."

"பேரு?"

"பேரு கேக்கல."

"அந்தப் பொண்ணு கேக்கும். அடுத்த வாட்டி போனா மொதல்ல அதத்தான் கேக்கும். நீங்க அங்க போயி முழிச்சிகினு நின்னீங்கன்னா அது மறுபடியும் போளூரு பஸ்ஸுதான் ஏறணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெரியவளுக்கு இன்னா வயசு?"

நான் யோசித்தேன். முதலில் பார்த்த இடம் தள்ளிப் போகாமல் இருந்திருந்தால் என்று கணக்குப் போட்டேன்.

"ஒம்போது" என்றேன்.

"அப்ப சின்னவளுக்கு ஆறு வைங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பெயர் யோசித்தோம்.